நர்ஸ் பெண்ணின் முதல் இரண்டு வருஷம்

சென்ற வாரம் சேலம் ஜில்லாவிலிருந்து ஒரு நெசவாளி நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மூன்று காகிதங்கள். அவருடைய மூத்த பெண் மூன்று வருஷ நர்ஸிங் டிப்ளமோவை முடித்துப் பரீட்சையிலும் தேறி, தமிழ்நாடு நர்ஸுகள், தாதிகள் கவுன்ஸிலின் ரிஜிஸ்தரில் பெயரையும் பதிவு செய்துகொண்டுவிட்டாள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவர் அவளுக்கு முன் ஒருவரும் இல்லை. "மூன்றில் எதில் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டுக் காகிதங்களை நம் மேஜைமேல் பரப்பினார்.

முதலாவது, பக்கத்துப் பட்டணத்தில் முப்பது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நியமனக் கடிதம். சம்பளம் மாதம் 11,000 ரூபாய். இரண்டு வருஷம் விலகுவதில்லை என்று பத்திரம் எழுதித் தர வேண்டும். அதுவரையில் அசல் சர்டிபிகேட்டுகள் ஆஸ்பத்திரியின் வசத்தில் இருக்கும். இரண்டாவது, ஒரு ஏஜெண்டின் கடிதம். வளைகுடா நாடு ஒன்றில் வேலை. மூன்று லட்ச ரூபாய் கட்ட வேண்டும். வேலைக்கு வேண்டிய 'இரண்டு வருஷ அனுபவ சர்டிபிகேட்டை நாங்களே ஏற்பாடு செய்து தருகிறோம்' என்று கூச்சமில்லாமல் எழுதியிருந்தது. மூன்றாவது, சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் பயிற்சி தரும் வகுப்பு ஒன்றின் துண்டுப் பிரசுரம்.

இது ஒரு வீட்டு விஷயம், இதற்குத் தலையங்கப் பக்கத்தில் இடம் எதற்கு என்று நமது நண்பர்களில் சிலர் கேட்கக்கூடும். 1946-ல் போர் கமிட்டி தனது அறிக்கையில் கொடுத்த கணக்கை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். அன்று இந்த தேசத்தில் 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ். பிரிட்டனிலோ 300 பேருக்கு ஒருவர். அந்த வெட்கக்கேட்டைப் போக்குவதற்காகச் சட்டங்கள் செய்தோம், 1947-ம் வருஷத்துச் சட்டப்படி அகில இந்திய நர்ஸிங் கவுன்ஸிலை ஏற்படுத்தினோம், ஊருக்கு ஊர் பள்ளிகளும் கல்லூரிகளும் திறந்தோம். இன்று நர்ஸிங் படித்த பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஆயினும் ராத்திரி வேளையில் வார்டில் போய்ப் பார்த்தால் நர்ஸ் இல்லை. படித்தவர்கள் எங்கே போய்விட்டார்கள் என்பதற்கு விடை இந்த மூன்று காகிதங்களில் இருக்கிறது.

மூன்றையும் படிப்பதற்கு முன்னால், உறைக்குள்ளேயே மடிந்து கிடந்த நான்காவது காகிதத்தைப் பார்க்க வேண்டும். அது வங்கியின் கணக்கு. படிப்பதற்கு வாங்கிய கடன் அசலும் வட்டியுமாக நான்கு லட்ச ரூபாயை எட்டியிருக்கிறது. தகப்பனாரும் அதில் கூட்டுக் கடன்காரர். படிப்பு முடிந்து ஒரு வருஷம் அவகாசம், அதன்பின் தவணை. பத்து வருஷத்தில் தீர்ப்பதென்றால் மாதம் சுமார் 5,300 ரூபாய். முதல் ஆஸ்பத்திரி தருவதாகச் சொல்லும் 11,000-ல் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 3,000 பிடித்துக்கொள்வார்களாம். வங்கிக்கும் கட்டிய பிறகு மிஞ்சுவது 2,700 ரூபாய். இதை வைத்துக்கொண்டுதான் அவள் துணி வாங்க வேண்டும், வீட்டுக்கு அனுப்ப வேண்டும், தம்பியைப் படிக்க வைக்க வேண்டும். தறியில் உட்கார்ந்திருந்தாலே இதைவிட மிஞ்சியிருக்கும் என்று அவர் சொன்னபோது நம்மால் மறுக்க முடியவில்லை. ஏஜெண்டின் கடிதத்தை அவர் கிழித்துப் போடாமல் பத்திரமாகக் கொண்டு வந்திருந்ததன் காரணமும் புரிந்தது.

இனி முதல் காகிதத்துக்கு வருவோம். நர்ஸிங் பள்ளிக்கூடம் ஒரு பெண்ணுக்குச் சாஸ்திரத்தைக் கற்பிக்கிறது. நர்ஸாக அவளை ஆக்குவது முதல் இரண்டு வருஷத்து வார்டு வேலையேயாகும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நோயாளி புரண்டு புரண்டு படுக்கிறார். நாடி சற்று வேகம். உடம்பில் லேசாக வியர்வை. சாயங்காலத்திலிருந்து சிறுநீர் சரியாக இறங்கவில்லை. இவற்றைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றும் பெரிதல்ல. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, தூங்கும் டாக்டரை இப்போதே எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்யும் புத்தி புத்தகத்திலிருந்து வருவதில்லை. பக்கத்தில் ஒரு மூத்த ஸிஸ்டர் நின்று, "எழுப்பு, திட்டினால் திட்டட்டும்" என்று சொல்வதிலிருந்துதான் வருகிறது. மருந்தின் அளவைக் கணக்கிட்டு மற்றொருவரிடம் காட்டிச் சரிபார்த்தபின் ஊசி போடுவது, டியூட்டி மாறும்போது ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று அடுத்தவரிடம் விவரம் ஒப்படைப்பது, செய்ததை உடனே எழுதி வைப்பது, தன் கையில் ஒருவர் முதல் தடவையாக இறந்துபோனால் மறுநாள் மறுபடியும் அதே வார்டுக்குள் நுழைவது — இவையெல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ளும் வித்தை. தறி வேலை எப்படியோ அப்படியே. இதைச் சொன்னதும் நமது நெசவாளி நண்பர் தலையசைத்தார். மற்ற எதையும்விட இது அவருக்குச் சட்டென்று விளங்கிற்று.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், ராத்திரி முப்பது படுக்கைக்கும் ஒரே நர்ஸாக நிற்கும் புதுப் பெண் என்ன கற்பாள்? பயத்தைக் கற்பாள், அல்லது பயம் மரத்துப்போவதைக் கற்பாள். இரண்டும் நோயாளிக்கு ஆபத்து. சாதாரண வார்டுகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா ஆஸ்பத்திரியானால் மூன்று பேருக்கு ஒரு நர்ஸ் என்பது நர்ஸிங் கவுன்ஸில் வகுத்த அளவு. அந்த அளவு காகிதத்தில் சுகமாக இருக்கிறது.

முப்பது படுக்கை என்பதில் இன்னொரு கண்ணியும் உண்டு. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகளை எடுக்கும் 'நார்செட்' என்ற பொதுப் பரீட்சையில் டிப்ளமோ படித்தவர்கள் உட்கார வேண்டுமானால், குறைந்தது ஐம்பது படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். நான்கு வருஷ பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்தவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. அந்த உத்தியோகத்தின் அடிப்படைச் சம்பளம் ஏழாவது சம்பளக் கமிஷன்படி 44,900 ரூபாய், படிகள் தனி. முப்பது படுக்கை ஆஸ்பத்திரியில் இந்தப் பெண் எவ்வளவு உழைத்தாலும் அந்த இரண்டு வருஷம் அங்கே கணக்கில் ஏறாது. கையெழுத்து வாங்குகிறவர் இதைச் சொல்வதில்லை. நர்ஸிங் பள்ளியில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றார் தகப்பனார்.

சம்பள விஷயத்தில் நியாயம் எது என்று தேசம் ஏற்கெனவே ஒருமுறை தீர்மானித்திருக்கிறது. நர்ஸுகள் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டதன்பேரில் மத்திய சர்க்கார் ஒரு நிபுணர் கமிட்டியை அமைத்தது. இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகள் அந்தந்த மாநில சர்க்கார் நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும். நூறுக்கு மேற்பட்டவை பத்து சதவிகிதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. ஐம்பதிலிருந்து நூறு வரையில் உள்ளவை இருபத்தைந்து சதவிகிதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. ஐம்பதுக்கு உட்பட்ட சிறு ஆஸ்பத்திரியும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். இதுவே கமிட்டியின் சிபாரிசு. நமது நண்பரின் பெண்ணுக்கு 20,000 கிடைத்தால் விடுதியும் தவணையும் போக 11,700 மிஞ்சும். ஏஜெண்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். ஆனால் சிபாரிசு சட்டமல்லவே! அடுத்த வீடான கேரளத்தில் 2011, 2012 வருஷங்களில் நர்ஸுகள் வேலை நிறுத்தம் செய்து, பத்திரத்தையும் சர்டிபிகேட் பறிமுதலையும் அற்பச் சம்பளத்தையும் சந்திக்கு இழுத்தார்கள். மேலும் பல போராட்டங்கள் நடந்த பிறகே, 2018 ஏப்ரலில் அங்குள்ள சர்க்கார் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. கேட்டதால் கிடைத்தது.

சிறு ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களும் ஒரு வாதம் சொல்கிறார்கள். கட்டணத்தை உயர்த்தாமல் இந்தச் சம்பளம் கொடுக்க முடியாது, மூடத்தான் வேண்டும் என்கிறார்கள். சிலர் விஷயத்தில் இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மருந்துக் கம்பெனிக்கும் மின்சாரத்துக்கும் கட்டட வாடகைக்கும் முழு விலை கொடுத்துவிட்டு, நர்ஸின் கூலியில் மட்டும் தர்மம் எதிர்பார்ப்பது என்ன கணக்கு? அசல் சர்டிபிகேட்டைப் பூட்டி வைத்துக்கொள்வதற்கோ எந்த வாதமும் கிடையாது.

இரண்டாவது காகிதம். வெளிநாடு செல்லும் நர்ஸுகளைக் கண்டு சில தேசபக்தர்கள் கோபிக்கிறார்கள்; நம் பணத்தில் படித்துவிட்டு அந்நியனுக்கு ஊழியம் செய்யப் போகிறார்களே என்கிறார்கள். நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களல்ல. இந்தப் பெண் நம் பணத்தில் படிக்கவில்லை. நான்கு லட்சம் கடனில் படித்தாள். உலகத்தில் 2023-ல் இருந்த நர்ஸுகள் 2 கோடியே 98 லட்சம் பேர் என்றும், இன்னும் 58 லட்சம் பேர் குறைவு என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் கணக்குச் சொல்லிற்று. கூப்பிடுகிற இடத்துக்குப் போக அவளுக்குப் பூரண உரிமை உண்டு. எந்த வழியாகப் போகிறாள் என்பதே கேள்வி.

2014-ம் வருஷம் ஜூலை மாதத்தில், ஈராக்கில் திக்ரித் நகரத்து ஆஸ்பத்திரியில் சிக்கிக்கொண்ட 46 இந்திய நர்ஸுகள் மீட்கப்பட்டுக் கொச்சியில் வந்து இறங்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுற்றிலும் யுத்தம் நடக்கையிலும் அவர்களில் சிலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. பல மாதச் சம்பளம் பாக்கி. ஊரில் கடன்காரன் காத்திருக்கிறான். குண்டைவிடக் கடன் பெரிதாகத் தோன்றிய அந்த நிலைமைதான் இந்த ஏஜெண்டின் முதல். மறு வருஷம், 2015-ல், குடியேற்ற அனுமதி அவசியமான பதினெட்டு நாடுகளுக்கு நர்ஸுகளைச் சர்க்கார் ஸ்தாபனங்கள் மூலமே அனுப்பவேண்டும் என்று மத்திய சர்க்கார் விதித்தது. தமிழ்நாட்டில் அந்தக் காரியத்துக்காக உள்ளது 1978-ல் ஏற்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். விதி இப்படியிருக்க, தனி ஆசாமி ஒருவர் மூன்று லட்சம் கேட்டுக் கடிதம் எழுதுகிறார். போலி அனுபவச் சர்டிபிகேட்டோ, அங்கே கண்டுபிடிக்கப்பட்டால் பெண்ணின் ரிஜிஸ்தருக்கே ஆபத்து. கண்டுபிடிக்கப்படாவிட்டால் நோயாளிக்கு ஆபத்து.

நேர் வழிகள் உண்டு; ஆனால் நீண்டவை. பிரிட்டனுக்குப் போவதென்றால் இங்கிலீஷ் பரீட்சை, பிறகு கம்ப்யூட்டர் பரீட்சை, அங்கே போனபின் செய்முறைப் பரீட்சை. நர்ஸ் வேலை என்று சொல்லி முதியோர் இல்லப் பணிப்பெண்ணாக அனுப்பிய தரகர்கள் பலர். அந்தப் பணிப்பெண் விசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஜெர்மனிக்கு முதலில் ஜெர்மன் பாஷை. படிப்பை அங்கீகரிக்கும் வரையில் உதவியாளராகவே வேலை. வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரிகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கின்றன. ஆகவே எந்தத் தேசத்துக்குப் போவதானாலும் வழி உள்ளூரில் ஒரு நல்ல வார்டின் ஊடாகவே செல்கிறது.

மூன்றாவது காகிதத்தின்மேல் தகப்பனாருக்கு மிகுந்த ஆசை. சர்க்கார் உத்தியோகம் என்றால் வரன் கூட எளிதில் அமையும் என்றார். (நர்ஸ் என்றால் முகம் சுளித்த சம்பந்திகள், வெளிநாட்டு நர்ஸ் என்றாலும் சர்க்கார் நர்ஸ் என்றாலும் வாசலில் வரிசையாக நிற்கும் விசித்திரத்தைப் பற்றி வேறொரு நாள் எழுதுவோம்.) சர்க்கார் ஆஸ்பத்திரி வேலை சிறந்த வேலை என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளை முறை போட்டு நிறுத்தி, இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த மூவர் எப்படி வைக்கப்பட்டார்கள் என்பதையும் தகப்பனார் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸுகளை ஒப்பந்தத்தில் எடுத்தபோது கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நிரந்தரமாக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் திரண்டு உட்கார்ந்தார்கள், ஹைக்கோர்ட்டு தலையிட்டது.

2020 மே 3-ந் தேதி ஆகாய விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின்மேல் பூமாரி பொழிந்தன. அந்தத் தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட நர்ஸுகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 டிஸம்பர் கடைசியோடு பணி நீட்டிப்பு இல்லை என்றாயிற்று. புத்தாண்டில் அவர்கள் தெருவில் நின்றார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தத் தொகுப்பூதியம் என்ற சொல் மட்டும் சட்டசபையில் சாவதில்லை. ஆயினும் பரீட்சை எழுத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எழுதட்டும். பயிற்சி வகுப்புக்கென்று வீட்டில் உட்கார்ந்து வருஷத்தைப் போக்காமல், வார்டில் வேலை பார்த்துக்கொண்டே எழுதட்டும்.

மேற்படிப்பு, நர்ஸிங் பள்ளியில் ஆசிரியர் வேலை ஆகிய வாசல்களும் இருக்கின்றன. வார்டில் நின்று பழகாதவர் வார்டு வேலையைக் கற்பிப்பது நமக்குப் பிடித்தமில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னபின் தகப்பனாரை ஒரு கேள்வி கேட்டோம். "பெண் என்ன சொல்கிறாள்?" அவர் சற்று விழித்தார். பெண்ணைக் கேட்கவே இல்லை! நாமும் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தோமே தவிர, இதை முதலில் கேட்கத் தோன்றவில்லை, தப்பு நமதுந்தான். அங்கேயே டெலிபோனில் கூப்பிட்டார். அவள் சொன்ன விஷயம் நம் பிரசங்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. அவளுக்குப் பிரசவ வார்டில் வேலை பழக வேண்டும். சேலம் டவுனில் 120 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரித்துவிட்டும் வந்திருக்கிறாள். முதல் மூன்று மாதம் மூத்த நர்ஸ் ஒருவருடன் சேர்த்துப் போடுவார்கள், ராத்திரியில் எட்டு நோயாளிக்கு ஒருவர், சர்டிபிகேட்டில் நகல் மட்டும் போதும், சம்பளம் 14,500. கவுன்ஸில் சொன்ன ஐந்தும் இல்லை, கமிட்டி சொன்ன தொகையும் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் இருபத்தொரு வயதுப் பெண் தானே போய்க் கேட்டிருக்கிறாள்.

பின் ஏன் அந்தக் காகிதம் உறையில் இல்லை? தகப்பனார் குனிந்துகொண்டே சொன்னார்: அங்கே விடுதி கிடையாது. சாயங்கால டியூட்டி முடிவது எட்டு மணி. அவர்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஏழே முக்கால். பத்திரமும் பூட்டும் உள்ள ஆஸ்பத்திரியை அவர் விரும்பியது அங்கே விடுதி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால். 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் ஒரு பெண் டாக்டர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொல்லப்பட்ட செய்தியைப் படித்த எந்தத் தகப்பனையும் இதற்காக நாம் குறை கூற மாட்டோம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் 2021-ல் ரத்தாயிற்று. பஸ் வந்தால்தானே கட்டணத்தைப் பற்றிய பேச்சு!

தொழிலாளர் சங்கங்களிலும் கட்சிக் கிளைகளிலும் வேலை செய்யும் நமது வாசகர்கள் தங்கள் ஊரில் இவ்வாண்டு நர்ஸிங் முடித்த பெண்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணட்டும். அவர்களிடம் சர்டிபிகேட் கேட்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலைத் தயாரித்துத் தொழிலாளர் அதிகாரியிடம் நேரில் கொடுக்கட்டும். 2016-ம் வருஷத்துச் சிபாரிசு என்னவாயிற்று என்று தங்கள் தொகுதி அங்கத்தினரைக் கேட்டு, சட்டசபையில் கேட்க வைக்கட்டும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். அதற்குள் சேலத்தில் உள்ள நண்பர்களுக்கு ஒரு சிறு வேலை இருக்கிறது. ஊரின் பெயரைத் தனியே எழுதி அனுப்புகிறோம். கடைசிப் பஸ்ஸை எட்டரைக்குத் தள்ளிப்போட வேண்டும் என்று போக்குவரத்துக் கழகக் கிளை மானேஜருக்கு ஒரு மனு, ஊர் ஜனங்களின் கையெழுத்துடன். பெண் பதில் சொல்லவேண்டிய நாள் வருகிற புதன்கிழமை.